கூஜாவுக்குள் இருந்த அறை வெப்பநிலை

எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அறை வெப்பநிலை எப்போதும் இருபத்தைந்து டிகிரி. மார்கழியில் இருபத்தைந்து, பங்குனியிலும் இருபத்தைந்து. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்த காற்று அனலை வாரிக்கொண்டு வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் குந்தி, கீழே நிற்கிற எங்களை அப்பளம்போல வாட்டுகிற மத்தியானங்களிலும் இருபத்தைந்துதான். சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. அதன் பாதரசம் முப்பத்தேழைத் தாண்டி முப்பத்தெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. விருந்துக்கு வந்தவரின் சட்டை கிழிந்திருந்தால் அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல் பேசுவோமே, அந்த மரியாதையை வெப்பமானிக்கும் கொடுத்திருந்தோம்.

பாடப்புத்தகம் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. குளிர்ந்த ஊர்க்காரர் என்பது மட்டும் நிச்சயம். அவருடைய எல்லாக் கணக்கிலும் தண்ணீர் இருபத்தைந்து டிகிரியில், தலைவாரிப் பூச்சூடி, தயாராக நிற்கும். எங்கள் ஊர்க் குழாயைத் திறந்தால் முதல் ஒரு குடம் தண்ணீரில் முட்டை வேகவைக்கலாம். மொட்டை மாடித் தொட்டியில் காலையிலிருந்து வெயில் குடித்த தண்ணீர் அது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசியவர் எங்கள் விரிவுரையாளர். பாலக்காட்டு அக்ரகாரத் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். பழைய தமிழ், பாதி மலையாளம், மீதி ஆங்கிலம்.

"ரூம் டெம்பரேச்சர்னா இருபத்தஞ்சாக்கும், கேட்டியோ? சுவத்திலே தொங்கறது சும்மா அலங்காரத்துக்கு" என்பார், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பிரீ டிகிரி இரண்டாம் வருஷம். கேரள எல்லையில், முதலமடைப் பக்கம் மாந்தோப்பும் கடலைக்காடுமாகப் பிழைத்த குடும்பம். ஒரு இடத்தில் உட்கார முடியாத வயது எனக்கு. கால் அரித்துக்கொண்டே இருக்கும். எங்கேயோ ஒரு பெரிய ஊரில், பெரிய காலேஜில், எனக்கென்று ஒரு பெஞ்சு காலியாக இருப்பதாக நம்பினேன். அந்தப் பெஞ்சுக்கும் எனக்கும் நடுவே ஒரு செம்புத் துண்டு கிடந்தது.

சோதனை இதுதான். செம்புத் துண்டுகளைக் கொதிநீராவியில் நூறு டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். கலோரிமீட்டர் என்கிற சின்னப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர். சூட்டுச் செம்பை அதற்குள் போட்டுக் கலக்கினால், செம்பு ஆறும், தண்ணீர் ஏறும், இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். செம்பு இழந்த வெப்பம் தண்ணீர் பெற்ற வெப்பத்துக்குச் சமம். இதைப் புத்தகம் கலவை முறை என்று சொன்னது. எங்கள் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவுவார்களே, அதே காரியம்தான். என்ன, வீட்டில் விளாவினால் குளிக்கலாம். காலேஜில் விளாவினால் கணக்குப் போட வேண்டும். ஒரு கிராம் செம்பு ஒரு டிகிரி ஏற எவ்வளவு வெப்பம் கேட்கிறது என்பதுதான் அந்தக் கணக்கின் விடை. அதற்குத் தன்வெப்பம் என்று பெயர். தண்ணீருக்கு அது ஒன்று. செம்புக்குப் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் என் அப்பாவைப் போல: சூடேறுவதற்கு நேரமெடுக்கும், ஏறினால் இறங்காது. செம்பு என்னைப் போல. சட்டென்று கொதிக்கும், சட்டென்று மறக்கும்.

இது இயற்பியல் அல்லவா, வேதியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் கல்லூரியிலும் கேட்டார்கள். கலோரிமீட்டர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு துறைகளுக்கும் எல்லைத் தகராறே நடந்தது. வேதியியல்காரர்கள் சொன்ன நியாயம் இது: ஒரு உலோகத்தின் தன்வெப்பம் தெரிந்தால், 6.4ஐ அதனால் வகுத்து அதன் அணு எடையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். செம்புக்கு 0.1 வந்தால் அறுபத்து நான்கு. அணு எடை எங்கள் சொத்து. ஆகவே பாத்திரமும் எங்கள் சொத்து. புத்தகம் பழசு, அதில் கலோரி. பாடத்திட்டம் புதுசு, அதில் ஜூல். "ஜூல்ல கேட்டா 4.2ஆலே பெருக்கிடு. பெருக்கினாலும் ஒண்ணும் புரியாது, ஆனா மார்க் வரும்" என்றார் விரிவுரையாளர். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாதிரிப் பரீட்சையில் நான் என்ன செய்தேன் என்றால், பாதி புத்தகத்துக்கும் பாதி வெப்பமானிக்கும் விசுவாசமாக இருந்தேன். நூறு கிராம் செம்பு, இருநூறு கிராம் தண்ணீர். ஆரம்ப வெப்பநிலை? அறை வெப்பநிலை. அதாவது இருபத்தைந்து, கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். செம்பைப் போட்டுக் கலக்கிய பிறகு? இதைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்: 39.8. எழுதினேன். உண்மையில் அந்தத் தண்ணீர் முப்பத்தேழிலிருந்து மூன்று டிகிரிகூட ஏறியிருக்காது. என் தாளிலோ பதினைந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தது. நூறு கிராம் செம்பு அவ்வளவு வெப்பத்தைக் கொடுத்ததென்றால் அது சாதாரணச் செம்பா? கணக்குப் போட்டேன்: தன்வெப்பம் 0.49. 6.4ஐ அதனால் வகுத்தேன். அணு எடை பதின்மூன்று. செம்பு கரிக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

விரிவுரையாளர் தாளை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்கோங்கோ. செம்பை ஊதினாப் பறக்கும்படி பண்ணியிருக்கான் இவன். டேய், உங்காத்து அண்டாவெல்லாம் மேலே கயறு போட்டுக் கட்டி வெச்சிருக்கேளா, பறந்துடாம?"

வகுப்பு சிரித்தது. முப்பத்தெட்டு டிகிரியில் மனுஷனுக்குச் சிரிப்பு எப்படி வருகிறதோ. ஒரே ஒரு பொய் சொன்னதால் நான் தோற்றேன். மற்றவர்கள் இரண்டு பொய் சொன்னார்கள், ஜெயித்தார்கள்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"கடேசிப் பரிச்சைல இந்தப் பாடத்துல தோத்தீன்னா, மூட்டையக் கட்டிக்க. காந்தலூர்ல உங்க பெரீப்பன் ஆள் வேணும்ணு ரண்டு வருசமாக் கேக்கறாரு. பூண்டுக்காட்டப் பாத்துக்கிட்டு அங்கயே இருந்துக்க."

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். "ஏனுங்க, அந்தக் குளுரப் பையன் தாங்குவானுங்களா?"

"சூடு என்னன்னு தெரியாதவனுக்குக் குளுரு மட்டும் எப்படித் தெரியும்? மோரு ஊத்து."

காந்தலூர் என்றால் எங்கள் குடும்பத்தில் ஒரு ஊரின் பெயர் இல்லை, ஒரு தண்டனையின் பெயர். எனக்கு முன்னால் ஒரு அண்ணன், பெரியப்பாவின் மூத்தவன், கீழே எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன், எட்டாங்கிளாஸில் கோட்டைவிட்டு மலையேற்றப்பட்டான். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் மட்டும் தென்படுவான். பந்தியில் அவன் பக்கத்து இலைக்காரருக்கு ரசத்தில் பூண்டு வேண்டியிருக்காது. அவன் பேச்சில் பூண்டு, கேரட்டு, உருளைக்கிழங்கு தவிர வேறு சேதி இல்லை. ஒரு காலத்தில் ஜோராகப் பாடுவான். நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே ஸ்வெட்டர் போட்டுப் பார்த்ததுபோல இருக்கும். என் பெரிய ஊர், என் பெஞ்சு, எல்லாம் இப்போது அந்த ஒரு பிராக்டிகலில் வந்து நின்றன.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் வேலந்தாவளம் மாட்டுத் தரகர் மகன். எங்கள் வகுப்பில் கலோரிமீட்டரை நனைக்காமலே சோதனையை முடிக்கக் கூடியவன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள்: துண்டுக்கு அடியில் இரண்டு கை, விரலைத் தொட்டு விரலைத் தொட்டு விலை முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் வாயால் பேரம் தொடங்கும், பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் வாலைத் தூக்கிப் பார்ப்பதும் எல்லாம், சுற்றி நிற்கிறவர்களுக்காக. அவன் வேதியியலையும் அப்படித்தான் செய்தான்.

"மாப்ளே, வெல மொதல்ல, பேரம் அப்புறம். 0.1ன்னு கீழ எழுதிக்க. இருபத்தஞ்சுன்னு மேல எழுதிக்க. நடுவுல எத்தன வரோணும்னு கீழ இருந்து மேல ஏறிப் பாரு. 28.6 வருதா? அதத்தான் நீ வெப்பமானில பாத்த."

"நான் பாக்கலியே."

"மாட்டோட பல்லப் பாத்தா வாங்கறாங்க? ஏண்டா நீ ஒருத்தன்."

அந்த அறையில் 28.6 டிகிரி என்பது விடியற்காலையில் பூட்டுத் திறக்குமுன் மட்டும் வந்துபோகிற விருந்தாளி. ஆனால் வகுப்பின் ரெக்கார்டு முழுக்க அதுதான் இருந்தது. எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விஷயம் அப்படியில்லை. கீழிருந்து மேலே ஏறுவதற்கு அல்ஜீப்ரா வேண்டும். சமன்பாட்டில் இந்தப் பக்கமும் T நிற்கும், அந்தப் பக்கமும் T நிற்கும். இரண்டையும் ஒரு பக்கம் ஓட்டி அடைக்க வேண்டும். என்னால் ஆட்டை ஓட்டி அடைக்க முடியும். T என் பேச்சைக் கேட்காது. மேலிருந்து கீழே வருகிற கணக்கு, பார்த்ததை வைத்துப் பெருக்கி வகுக்கிற கணக்கு, அது மட்டும் எனக்கு வரும். பொய் சொல்லத் தேவையான படிப்பு என்னிடம் இல்லை. பரீட்சையில் வேறு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எடை கொடுப்பார்கள் என்றார்கள். தரகர் மகனின் விரல் எனக்கு உதவாது.

பரீட்சைக்கு வந்த எக்ஸாமினர் மலைமேல் இருந்த ஒரு கல்லூரிக்காரர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது, தெக்கத்தித் தமிழ். விடிகாலையில் மலையிறங்கும்போது போட்ட கையில்லாத ஸ்வெட்டரோடு உள்ளே வந்தார். நாலடி வைத்ததும் கழற்றினார். மாட்ட இடமில்லாமல், சுவரில் வெப்பமானி தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். முப்பத்தெட்டு டிகிரியைக் கம்பளி போர்த்தி மூடியாயிற்று. விரிவுரையாளரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

எக்ஸாமினர் மேஜைமேல் அவருக்கென்று ஒரு மண் கூஜா வைத்திருந்தார்கள். ஈரத்துணி சுற்றி, ஜன்னலோரமாக, காற்றுப் படும்படி. எங்கள் சீமையில் காற்று எவ்வளவு காய்ந்து வீசுகிறதோ அவ்வளவுக்கு மண்பாண்டத் தண்ணீர் குளிரும். அவர் ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடினார். "யப்பா" என்றார். அந்த ஒரு கணம் அவர் தன் ஊரில் இருந்தார்.

நான் என் கலோரிமீட்டரோடு நின்று அந்தக் கூஜாவைப் பார்த்தேன். துணிக்கு வெளியே தெரிந்த மண் வயிற்றில் வியர்வைபோல நீர் முத்துகள். அந்த அறையிலேயே வேறெதுவும் அப்படிக் குளிர்ந்து வியர்க்கவில்லை. நாங்களெல்லாம் வெந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் புரிந்தது. புத்தகத்தின் அறை எங்கே இருக்கிறதென்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன். அது கூஜாவுக்குள் இருந்தது.

எக்ஸாமினரும் விரிவுரையாளரும் அறையின் அந்தக் கோடிக்கு, தராசுப் பெட்டி பக்கம் போனபோது நான் இந்தக் கோடியில் கூஜாவைச் சாய்த்தேன். முதல் முறை ஊற்றிய தண்ணீர் பாத்திரத்தின் சூட்டைக் குடித்தே வீணாகிவிட்டது. கலோரிமீட்டரும் செம்புதானே, அதுவும் வெந்து கிடந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். இந்தத் தடவை செம்புத் துண்டில் பாதி வெளியே விழுந்து மேஜையில் உருண்டது. கொட்டினேன். எடைபோட்டு மறுபடி சூடேற்றி, பாத்திரத்தை மறுபடி குளிரவைத்து, மறுபடி ஊற்றினேன். அடுத்த வரிசையிலிருந்து தரகர் மகன் துண்டை ஆட்டி ஆட்டி என்னவோ எச்சரித்தான். அவன் அப்பா பார்த்திருந்தால் ஒரு ஜோடி எருது விற்றுப்போச்சென்று நினைத்திருப்பார். நான் பார்க்கவில்லை. நான் கலோரிமீட்டருக்குள் நின்ற வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, செம்பைப் போடுவதற்கு முன்பே, அதை மரியாதை இல்லாமல், கண்ணுக்குக் கண் பார்த்தேன். இருபத்தாறு.

செம்பைப் போட்டேன். கலக்கினேன். பாதரசம் மெதுவாக எழுந்து வந்தது, தூங்கி எழுகிறவன்போல. இருபத்தொன்பதில் நின்றது.

மூன்று டிகிரி ஏற்றம். எனக்குக் கொடுத்த தண்ணீர் இருநூற்று எழுபது கிராம், பெருக்கல் மூன்று, எண்ணூற்றுப் பத்து. செம்பு நூறிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியது, எழுபத்தொரு டிகிரி. நூறு கிராமுக்கு ஏழாயிரத்து நூறு. எண்ணூற்றுப் பத்தை ஏழாயிரத்து நூறால் வகுத்தால் 0.114. புத்தகத்தின் 0.1க்கு இவ்வளவு பக்கத்தில் நான் வாழ்ந்ததே இல்லை. 6.4ஐ அதனால் வகுத்தேன். ஐம்பத்தாறு என்று எழுதி, இரண்டு கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். மனசு அதற்குள் பெரிய ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டது.

வாய்மொழிக் கேள்விக்கு என் முறை வந்தது. எக்ஸாமினர் தாளைப் பார்த்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"வாப்பா. என்ன உலோகம் குடுத்திருந்தோம்?"

"செம்புங்க சார்."

"அம்பத்தாறுன்னு போட்டிருக்கியே. அம்பத்தாறு யாரு?"

சுவர் அட்டவணையைப் பார்த்தேன். "இரும்புங்க சார்."

"காலையில செம்பு, மத்தியானம் இரும்பு. சாயங்காலம் வரைக்கும் விட்டா தங்கமாக்கிருவ போலிருக்கே?"

விரிவுரையாளர் தரையைப் பார்த்தார். எக்ஸாமினர் விடவில்லை, ஆனால் அவர் குரலில் கேலியைத் தாண்டி ஒரு ஆசை இருந்தது, காலையிலிருந்து ஒரே பதிலைக் கேட்டுக் களைத்தவனின் ஆசை. "சரி, சொல்லு. செம்பு குடுக்க வேண்டியதுக்கு மேல தண்ணி சூடாயிருக்கு. கூடுதல் சூடு எங்க இருந்து வந்துச்சு?"

அப்போது ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து என் முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். "வெளிய இருந்துங்க சார்" என்றேன். "தண்ணி குளுந்திருந்துச்சுங்க. ரூம் கொதிக்குதுங்க. கலக்கறதுக்குள்ள ரூம் சூடு உள்ள எறங்கீருச்சுங்க. நம்ம செக்போஸ்ட் மாதிரிதானுங்க சார். தமிழ்நாட்டு அரிசி இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு கம்பு போட்டு நிறுத்தறாங்க. கணக்கு நோட்டுல ஒரு மூட்டைகூட வர்றதில்லீங்க. ஆனா எல்லா ஊட்டுலயும் அந்தச் சோறுதானுங்களே."

அந்த வருஷங்களில் அது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. சேலைக்குள் பை கட்டிய பெண்கள் பஸ்ஸில் ஏறும்போது ஒல்லியாகவும் இறங்கும்போது பிள்ளைத்தாய்ச்சியாகவும் இருந்த காலம். எக்ஸாமினர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"இழந்த வெப்பம், பெற்ற வெப்பத்துக்குச் சமம்னா, செக்போஸ்ட்ல ஓட்டை இருக்கக் கூடாது. அம்புட்டுதான் பாடம். காலையில இருந்து ஒருத்தனாவது சொன்னானா? எல்லாவனும் 0.1, 0.1ன்னு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுன மாதிரித் தடவி வச்சிருக்கான்." விரிவுரையாளர் பக்கம் திரும்பினார். "பய வெவரமானவன்தான் சார்."

அந்த இடத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிரித்தால் மனுஷனுக்குத் தாகம் எடுக்கும். கூஜாவைச் சாய்த்தார். ஒரு சொட்டு, தம்ளரில் விழுவதா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது.

அவர் கூஜாவைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். "ஏப்பா... இருபத்தாறு டிகிரித் தண்ணி இந்த அடுப்புக்குள்ள உனக்கு எங்க கெடச்சுது?"

"கூஜாவுலீங்க சார்."

"நான் குடிக்க வச்சிருந்த தண்ணியில்லா அது!"

"ஆமாங்க சார்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் யோசனை எங்கே போகிறது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஓடிப்போய் மறிக்கத்தான் யாருக்கும் வழியில்லை. கூஜா ஒன்று. அதை நான் ஒருத்தனே காலி செய்திருக்கிறேன். அப்படியானால்...

"மத்தவனுக்கெல்லாம் இருபத்தஞ்சு எங்க இருந்து வந்துச்சு?"

விரிவுரையாளர்தான் பேசினார். "அது... ரூம் டெம்பரேச்சராக்கும், சார்."

எக்ஸாமினர் எழுந்துபோய் ஆணியிலிருந்து தன் ஸ்வெட்டரை எடுத்தார். அடியிலிருந்து முப்பத்தெட்டு எட்டிப் பார்த்தது.

"அது பழசு சார்" என்றார் விரிவுரையாளர். அவர் குரல் அப்போதே தற்காலிக விரிவுரையாளரின் குரலாகிவிட்டது.

இரண்டு பேரும் துறை அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அவர்களுக்கு உள்ளே டீ போனது. பாவம், அந்த வெயிலில் டீ. ஒரு தண்ணீர்ச் செம்பும் போனது, தொட்டித் தண்ணீர், அதுவும் டீ மாதிரிதான். உள்ளே என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. வகுப்பு முழுக்கத் தரகர் மகனைச் சுற்றி நின்று என்னைப் பார்த்தது. எல்லோருக்கும் வீட்டில் ஒரு அப்பா, எங்கேயோ ஒரு காந்தலூர் இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது எக்ஸாமினர் என்னை மட்டும் ஜன்னலோரம் கூப்பிட்டார்.

"நீ செஞ்சது சரிதாம்ப்பா. உள்ளதைச் செஞ்சிருக்க, உள்ளதைச் சொல்லிருக்க. ஆனா இந்த மார்க் தாள்ல உள்ளதுக்கு எடம் விடலை பாத்துக்க. செம்புக்குத்தான் எடம். நீ இரும்பு கொண்டாந்திருக்க. உன்னைய இதுல பாஸ் போட்டா, மத்த அம்புட்டுப் பேரையும் பெயில் போடணும்." காலிக் கூஜாவைத் திரும்பிப் பார்த்தார். "அதோட எனக்குத் தண்ணியும் இல்ல."

எல்லாத் தீர்ப்புகளிலும் கடைசி வாக்கியத்தில்தான் நிஜக் காரணம் இருக்கும் என்று நான் படித்துக்கொண்டது அங்கேதான். ரிசல்ட் வந்தது. எங்கள் வகுப்பு வேதியியல் பிராக்டிகலில் பிரமாதமாகத் தேறியது, ஒருவனைத் தவிர.

அப்பா திட்டவில்லை. முன்னமே சொன்னேனே, தண்ணீர் சுபாவம். "செம்ப இரும்பாக்குனவன், அங்க போய்ப் பூண்ட வெங்காயமாக்காம இருந்தாச் சரி" என்றார். அம்மா போர்வையை மடித்து வைத்தாள். கடலைப் புண்ணாக்கு ஏற்றிய லாரியில், மூட்டைகளுக்கு மேல் என்னையும் ஒரு மூட்டையாக ஏற்றினார்கள்.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். எங்கள் எல்லையின் லட்சணம் அது. ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் லாரியை நிறுத்திப் புண்ணாக்கைக் குத்திப் பார்த்தார்கள், உள்ளே அரிசி இருக்கிறதா என்று. என்னைக் குத்திப் பார்க்கவில்லை. பொள்ளாச்சியில் வேர்த்தது. உடுமலைப்பேட்டையில் வேர்த்தது. காடு தொடங்கி, சின்னாறு தாண்டியும் மூட்டைகள் சுட்டன. பிறகு லாரி முனக ஆரம்பித்தது, வளைவு, வளைவு, இன்னொரு வளைவு. கன்னத்தில் காற்று குணம் மாறியது. மறையூருக்கு மேலே எங்கேயோ ஒரு திருப்பம், ஓரத்தில் சுண்ணாம்படித்த ஒரு கல், ஒரு பக்கம் மூங்கில், மறுபக்கம் சும்மா ஆகாயம். அங்கே எனக்கு வேர்க்கவும் இல்லை, குளிரவும் இல்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. எந்தப் பக்கத்திலிருந்தும் வெப்பம் வரவில்லை, எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. கையில் வெப்பமானி இல்லை; ஆனால் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து. புத்தகம் எழுதிய மனுஷன் இங்கேதான் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான்! மூட்டைமேல் எழுந்து நின்று டிரைவரைக் கூப்பிட்டேன், நிறுத்தச் சொல்லி. ஏற்றத்தில் யார் நிறுத்துவார்கள். லாரி திரும்பியது. அடுத்த வளைவில் ரோமம் சிலிர்த்தது, அதற்கடுத்ததில் போர்வையைப் பிரித்தேன்.

காந்தலூரில் பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, "வாடா இரும்பு" என்றார். சேதி லாரியைவிட வேகமாக மலையேறியிருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்த பகல்களில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே, ஒரு பழுப்புத் தாளில் கரித்துண்டால் T-க்களை ஓட்டப் பழகினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து பூண்டு பிரிப்பான். ஒரு நாள் தாளை எட்டிப் பார்த்து, "இதென்னடா, ரண்டு பக்கமும் நிக்குது?" என்றான். "ஒரு பக்கமாச் சேத்தோணும்" என்றேன். "சேந்துச்சுன்னா?" "நான் கீழ போயிருவேன்." அவன் அதற்கப்புறம் என் பங்குப் பூண்டையும் தன் பக்கம் இழுத்துப்போட்டுப் பிரித்தான். மூங்கில் கூடை ஒன்று நிறைவதற்குள் T என் பேச்சைக் கேட்கத் தொடங்கியது.

செப்டம்பர் பரீட்சைக்கு இறங்கி வந்தேன். ஆய்வகத்தில் எல்லாம் அப்படியே இருந்தது, இரண்டு மாற்றங்களைத் தவிர. சுவரில் ஆணி மட்டும் இருந்தது, வெப்பமானியை எடுத்துவிட்டிருந்தார்கள். எக்ஸாமினர் மேஜையில் கூஜா இருந்தது. அதற்குப் பித்தளை மூடி, மூடிக்குச் சங்கிலி, சங்கிலி மேஜைக் காலோடு சேர்த்துப் பூட்டு. செம்பு, தண்ணீர், காற்று எல்லாம் சேர்ந்து நடத்திய பாடத்திலிருந்து எங்கள் கல்லூரி கற்றுக்கொண்டது அவ்வளவு.

விரிவுரையாளர் என் தோளருகே வந்து, ரொம்ப மெதுவாக, "டேய், இந்தத் தடவை செம்பாவே இருக்கட்டும், கேட்டியோ?" என்றார். அதட்டல் இல்லை. கெஞ்சல் என்றும் சொல்ல முடியாது.

கீழே 0.1 என்று எழுதிக்கொண்டேன். மேலே அறை வெப்பநிலை என்று எழுதி, கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் திருப்பம், அந்தச் சுண்ணாம்புக் கல், அந்தப் பக்கத்து ஆகாயம். நான் அந்த அறைக்குப் போய் வந்தவன். மற்றவர்களைப்போல் கேள்விப்பட்டு எழுதவில்லை. இடம்தான் சற்று மாறிவிட்டது.

எக்ஸாமினர் மேஜையருகே ஒரே சலசலப்பு. புது எக்ஸாமினர், அவருக்கும் தாகம். பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. துறை அறையில் தேடினார்கள், ஆபீஸில் தேடினார்கள், பியூனை சைக்கிளில் யார் வீட்டுக்கோ அனுப்பினார்கள். அவர் கூஜாவின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஈரத்துணியின் குளிர்ச்சியாவது கிடைக்கட்டும் என்று. நான் இருபத்தைந்து என்று எழுதினேன்.